முதலில் வாங்கைப் பாருங்கள்: வன்னியில் ட்ரியாஜ் சொல்லிக்கொடுக்க வருபவர்களுக்கு

நீங்கள் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ மல்லாவிக்கோ புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. கொண்டுவந்த பெட்டியைக்கூட முழுக்கப் பிரிக்கவில்லை, அதற்குள் "டொக்டர், இந்த முறை வந்த பயிற்சி வைத்தியப் பிள்ளைகளுக்கு ட்ரியாஜ் வகுப்பு எடுக்க ஆளில்லை, நீங்கள்தான் எடுக்கவேணும்" என்று சொல்லிவிட்டார்கள். நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாதிய மாணவர்களுக்குக் கற்பிக்கும் மிஸ்மாருக்கும் இது பொருந்தும். வாசலில் நோயாளியை முதலில் காண்பது பெரும்பாலும் அவர்கள்தானே.

யாரை உடனே பார்ப்பது, யார் கொஞ்சம் பொறுக்கலாம் என்று பிரிப்பதுதான் ட்ரியாஜ். சுளகில் நெல் புடைப்பது போல என்று இதை விளக்குபவர்கள் உண்டு. எனக்கு அந்த உவமை பிடிக்காது. புடைத்தால் பதர் என்று ஒன்று மிஞ்சும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்த நாளில் எந்த வயலுக்கு முதலில் மடை திறப்பது என்று முடிவெடுப்பதைச் சொல்லிப் பாருங்கள். இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகம் செய்யும் வீட்டுப் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். எல்லா வயலுக்கும் தண்ணீர் வரத்தான் போகிறது, எந்த வயல் முதலில் வாடும் என்பதுதான் கேள்வி.

வரலாறு இரண்டு நிமிடம் போதும். நெப்போலியனின் படையில் இருந்த சத்திரசிகிச்சை நிபுணர் லார்ரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே ஆட்களை எடுத்தார் என்பதை மட்டும் சொல்லுங்கள். "டொக்டர், இவர் எங்களுக்குத் தெரிஞ்ச ஆள், கொஞ்சம் முன்னுக்குப் பாருங்கோ" என்று தொலைபேசி வரும் நாளில் அது உதவும். நான் எடுத்த முதல் வகுப்பில் லார்ரேக்கே பாதி நேரம் போய்விட்டது. அறுபது ஸ்லைட். பிள்ளைகள் வடிவாகக் குறிப்பெடுத்தார்கள். அடுத்த நாள் காலை வெளிநோயாளர் பிரிவில் முந்தின நாள் நின்ற மாதிரியே நின்றார்கள்.

முதல் படி: வாங்கு

திங்கட்கிழமை காலை மூன்று பேரை மட்டும் கூட்டிக்கொண்டு வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். ஸ்ரெதஸ்கோப் வேண்டாம், நோயாளியிடம் கேள்வியும் வேண்டாம். பதினைந்து நிமிடம் ஒரு ஓரமாக நின்று, வாங்கில் இருப்பவர்களைப் பார்க்கட்டும். பிறகு "முதலில் உள்ளே எடுக்கவேண்டியவர் யார்?" என்று ஒரு துண்டில் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது.

முதல் நாளில் மூவரும் அநேகமாக ஒருவரையே எழுதுவார்கள்: ஆகக் கூடுதலாகச் சத்தம் போடுபவரை. திட்டாதீர்கள். கத்துகிறவருக்கு மூச்சுவழி திறந்திருக்கிறது, அழுகிற பிள்ளைக்கு அழத் தெம்பிருக்கிறது என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் பக்கம் கண்ணைத் திருப்புங்கள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்திருப்பவர் யார்? நாலு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிப் பேசுபவர்? காற்றாடிக்குக் கீழே இருந்தும் வியர்க்கிறவர்? தாயின் தோளில் துணி மாதிரிக் கிடக்கும் பிள்ளை தூங்குகிறதா, சோர்ந்து கிடக்கிறதா?

இன்னொரு சிக்கலும் இங்கே உண்டு. வன்னியில் வயதானவர்கள் வரிசையை விட்டுக்கொடுப்பார்கள். "எனக்கு ஒண்டுமில்லை மோனை, அந்தப் பிள்ளையைப் பாருங்கோ" என்று சொல்லும் அப்புவுக்கு நெஞ்சு அடைப்பதை நான் கண்டிருக்கிறேன். பெருந்தன்மை வேறு, நாடித்துடிப்பு வேறு. விட்டுக்கொடுப்பவரை இரண்டாம் தடவை பார்க்கப் பழக்குங்கள்.

அதற்குப் பிறகு மூச்சை எண்ண வையுங்கள். ஒரு முழு நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து. இது சின்ன வேலை என்று நினைத்தால், வாட்டில் தொங்கும் அவதானிப்பு அட்டைகளைப் புரட்டிப் பாருங்கள்: எல்லோருக்கும் 18 அல்லது 20. நிமோனியா வந்தவருக்கும் 20, நாளைக்கு வீட்டுக்குப் போகிறவருக்கும் 20. ஒரே நோயாளியை இரண்டு பிள்ளைகள் தனித்தனியே எண்ணி, தொகையை ஒப்பிடட்டும். நாடி பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறும். முதல் கிழமை முழுக்க இதையே செய்தாலும் நட்டமில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாம் படி: பேச்சு

பயிற்சி வைத்தியர்கள் நாடு முழுவதிலும் இருந்து வருவார்கள். தெற்கில் இருந்து வந்த பிள்ளைக்குத் தமிழே புதிதாக இருக்கும். கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்கும் சில சொற்கள் பிடிபடாது. எனவே ஒரு பெரிய மட்டையில் எழுதி ட்ரியாஜ் மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். சத்தி என்றால் வாந்தி. முட்டு, இழுப்பு, தொய்வு மூன்றும் மூச்சைப் பற்றியவை. களைக்குது என்றால் வெறும் அலுப்பாகவும் இருக்கலாம், மூச்சு வாங்குவதாகவும் இருக்கலாம், திருப்பிக் கேட்கவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது "அந்தரமாக் கிடக்கு". இதை மொழிபெயர்க்க முயன்று நான் தோற்றிருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு அப்படிச் சொன்னால், மொழிபெயர்ப்பைப் பிறகு பார்க்கலாம், ஈ.சி.ஜி.யை முதலில் எடுக்கவேண்டும்.

மேசையில் கேட்கும் கேள்விகள் குறைவாக இருக்கட்டும். என்ன செய்யுது, எப்ப தொடங்கினது, நடக்க ஏலுமா, ஏதும் கடிச்சதா, ஏதும் குடிச்சதா. பெண்ணென்றால் பிள்ளை உண்டாகியிருக்கிறதா. அவ்வளவுதான். மிச்சம் உள்ளே இருக்கும் வைத்தியரின் வேலை.

மூன்றாம் படி: ஒரு முறையை மட்டும்

உலகத்தில் ட்ரியாஜ் முறைகள் பல. மான்செஸ்டர் முறைக்கு ஐந்து நிறம், தென்னாபிரிக்க முறை புள்ளி போட்டுக் கூட்டும், அமெரிக்காவில் ஐந்து படி. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கும் ஆசை எல்லா ஆசிரியருக்கும் வரும், எனக்கும் வந்தது. வேண்டாம். உங்கள் மருத்துவமனையில் எது நடைமுறையில் இருக்கிறதோ அதை மட்டும் எடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் சிவப்பு (உடனே), மஞ்சள் (கொஞ்சம் பொறுக்கலாம்), பச்சை (காத்திருக்கலாம்) என்ற மூன்று நிறமே தாராளம்.

சிவப்பைக் கேள்விகளாகச் சொல்லிக்கொடுங்கள். மூச்சுவழி அடைபட்டிருக்கிறதா? மூச்சு மிக வேகமா, மிக மெதுவா, உதடு நீலமா? கை குளிர்ந்து நாடி ஓடுகிறதா, இரத்தம் நிற்காமல் போகிறதா? அழைத்தால் ஒழுங்காகப் பதில் வராமல் இருக்கிறதா, வலிப்பு வருகிறதா? ஒன்றுக்கு 'ஓம்' என்றாலும் கேள்வியை நிறுத்திவிட்டு உள்ளே கொண்டுபோகவேண்டும். ரிக்கற் பிறகு எழுதலாம்.

பிள்ளைகள் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. நாளாந்த ட்ரியாஜில் ஆக மோசமானவருக்கு எல்லாம் கொடுக்கிறோம், காப்பாற்ற முடியாதவருக்குப் போடும் கறுப்பு நிறம் அங்கே கிடையாது. பெருந்தொகையாகக் காயக்காரர் வரும்போது, இருக்கும் கைகளால் எத்தனை பேரைக் காப்பாற்றலாம் என்று கணக்கு மாறுகிறது. இரண்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒரு கிழமையாவது இடைவெளி விடுங்கள்.

நான்காம் படி: பச்சை மாதிரி இருந்து ஏமாற்றுபவர்கள்

பயிற்சிக் காலத்தில் நான் விட்ட பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஊரும் மருத்துவமனையும் வேண்டாம். மாரி காலம், விடியற்காலை. வயற்கொட்டிலில் நிலத்தில் படுத்திருந்த ஒரு பெடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். பிரஷர் நல்லம், காய்ச்சல் இல்லை, வயிறும் இறுகாமல் மெதுவாகத்தான் இருந்தது. வாயு என்று பச்சையில் இருத்தினேன். ஒன்றரை மணித்தியாலம் கழித்து அற்றெண்டன் அண்ணை வந்து, "டொக்டர், அந்தத் தம்பிக்கு நித்திரை தூங்குது போல, கண்ணைத் திறக்கிறானில்லை" என்றார். நித்திரை இல்லை. இமை விழுந்திருந்தது. கட்டுவிரியன். கடித்த அடையாளத்தைத் தேடியும் காண முடியவில்லை. பெடியன் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து, பிழைத்துப் போனான். கண்டுபிடித்தது நானில்லை, அற்றெண்டன்.

கட்டுவிரியன் இரவில், நிலத்தில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடி பெரும்பாலும் நோவதில்லை. வயிற்றுக்குத்துதான் முதலில் வரலாம், மூச்சு நிற்பது பிறகு. ஆகவே வன்னியில் விடியப்புறம் வயிற்றுக்குத்தோடு வருபவரிடம் "ராத்திரி எங்கே படுத்தீர்கள்?" என்று கேட்பது கட்டாயம். புடையன் என்று ஊரில் சொல்லும் கண்ணாடி விரியன் வேறு மாதிரி. கடித்த இடம் வீங்கி நோகும், ஆனால் ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே இரத்தம் உறையாமல் போயிருக்கலாம். எந்தப் பாம்பென்று தெரியாவிட்டாலும், நடந்து வந்தாலும், பாம்புக்கடி பச்சைக்குப் போகக்கூடாது. கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் சோதனையைப் பிள்ளைகளே செய்து பழகட்டும்.

டெங்கு இன்னொரு ஏமாற்று. தாய் சிரித்துக்கொண்டு வருவார்: "நேற்றோட காய்ச்சல் விட்டிட்டுது டொக்டர், சாப்பாடுதான் இறங்குதில்லை." காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்கில் ஆபத்தான நேரம். பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்க்கவேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவக்கவேண்டும். பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவென்றால், பிள்ளை உங்களைப் பார்த்துச் சிரித்தாலும் சிவப்பு.

அலரிக்கொட்டையோ வேறு நஞ்சோ உட்கொண்டவர்களையும் இதே வரிசையில் வையுங்கள். வரும்போது தெளிவாக இருப்பார்கள், வெட்கத்தில் "ஒண்டும் குடிக்கேல்லை" என்றும் சொல்வார்கள். அலரி இதயத் துடிப்பைத்தான் குழப்பும், வெளியில் ஒன்றும் தெரியாது. இவர்களைத் தனியே விடக்கூடாது, எல்லோர் முன்னிலையிலும் கேட்கக்கூடாது, குரலை உயர்த்தவும் கூடாது. ட்ரியாஜ் மேசையில் ஒரு பயிற்சியாளர் காட்டும் முகம், அந்த ஆள் இங்கே தங்குவாரா, எழும்பிப் போவாரா என்பதைத் தீர்மானிக்கும்.

கர்ப்பிணித் தாய்மாரைப் பற்றி ஒரு வரி: ஒரு லீற்றருக்கு மேல் இரத்தம் போனாலும் பிரஷர் விழாமல் நிற்கலாம், எனவே பிரஷரை நம்பி மஞ்சளில் விடவேண்டாம்.

ஐந்தாம் படி: முற்றத்தில் ஒத்திகை

இப்போது பெருந்தொகைக் காயக்காரர். இதற்கு 1983இல் கலிபோர்னியாவில் உருவான ஸ்டார்ட் முறை போதும். நடக்கக்கூடியவர்கள் எல்லோரையும் முதலில் ஒரு பக்கம் கூப்பிடுங்கள், அவர்கள் பச்சை. மிச்சமிருப்பவர்களிடம் ஒவ்வொருவராகப் போகவேண்டும். மூச்சு இல்லையா? மூச்சுவழியைத் திறந்து பார். அப்போதும் இல்லையென்றால் கறுப்பு, வந்தால் சிவப்பு. மூச்சு 30க்கு மேலா? சிவப்பு. நகம் சிவக்க இரண்டு வினாடிக்கு மேல் எடுக்கிறதா? சிவப்பு. சொன்னதைச் செய்கிறாரா? இல்லையென்றால் சிவப்பு. எல்லாவற்றையும் தாண்டியவர் மஞ்சள். இரவில் டோர்ச் வெளிச்சத்தில் நகம் தெரியாது, அப்போது மணிக்கட்டு நாடியைப் பிடியுங்கள். ஒன்று முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு: மூச்சு 15க்குக் குறைந்தாலும் 45க்கு மேல் போனாலும் சிவப்பு. மூச்சில்லாமல் நாடி மட்டும் இருந்தால் ஐந்து தடவை மூச்சுக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் கறுப்பு.

வெளிநாட்டுப் பாடநூலின் ரயில் விபத்து வேண்டாம். வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சனத்தை ஏற்றிக்கொண்டு போன உழவு இயந்திரப் பெட்டி முள்ளியவளைப் பக்கம் புரண்டது என்று வையுங்கள். பன்னிரண்டு பேர். தாதிய மாணவர்கள் காயக்காரராக நடிக்கட்டும். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு மட்டை. ஒன்றில் இப்படி: "35 வயது ஆண். தொடை எலும்பு முறிந்து கத்துகிறார். மூச்சு 24. நாடி உண்டு. கையைப் பிடி என்றால் பிடிக்கிறார்." இன்னொன்றில்: "60 வயது அம்மா. ஒன்றும் பேசவில்லை. மூச்சு 34." அநேகமான பிள்ளைகள் தொடைக்காரருக்குச் சிவப்புத் துணி கட்டிவிட்டு அம்மாவைத் தாண்டிப் போவார்கள். மூன்றாவது மட்டையைக் கொஞ்சம் குறும்பான ஒருவருக்குக் கொடுங்கள்: காயமில்லாத தாய், பிள்ளையைக் காணவில்லை, பார்க்கிற எல்லோர் சட்டையையும் பிடித்து இழுக்கவேண்டும். உண்மையில் நேரத்தைத் தின்பது இரத்தம் இல்லை, இந்தத் தாய்தான். அவருக்கு ஒரு ஆளை ஒதுக்காவிட்டால் ட்ரியாஜ் நகராது என்பதை ஒத்திகையில்தான் கற்கலாம்.

ஒருவருக்கு முப்பது வினாடி. மூச்சுவழி திறப்பது, பாயும் இரத்தத்தை நிறுத்துவது, இந்த இரண்டைத் தவிர வேறு சிகிச்சை இல்லை. சேலைன் ஏற்றத் தொடங்கும் கையைப் பிடித்து எடுத்துவிடுங்கள். ஐந்து வருடம் 'நோயாளியை விட்டுப் போகாதே' என்று படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு, கண் திறந்து பார்க்கும் ஒருவரைத் தாண்டிப் போவது லேசில்லை. சிலர் அழுவார்கள். அழட்டும், ஆனால் அதைப் பற்றி அன்றைக்கே பேசுங்கள்.

ஒத்திகைக்கு முன்

வன்னிக்குப் புதியவர் நீங்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வெடிச்சத்தம் வைக்காதீர்கள். செயற்கை இரத்தத்தையும் முதல் தடவை தவிருங்கள். இந்த மண்ணில் வளர்ந்து இன்று பயிற்சிக்கு வரும் பிள்ளை 2009இல் சிறு பிள்ளை. புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தறப்பாளுக்குக் கீழே கிடந்த காயக்காரருக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையாகவும் இருக்கலாம். முதல் நாளே என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிவிடுங்கள், விலகி நிற்க விரும்புபவரிடம் காரணம் கேட்காதீர்கள், அவருக்கு நேரம் குறிக்கும் வேலையைக் கொடுங்கள். வாசல் காவலாளிக்கும் வாட்டில் இருக்கும் நோயாளிகளுக்கும் சொல்லிவைக்கவும் மறக்கவேண்டாம். துணி சுற்றிய ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்டால் சனம் பதறிவிடும்.

பழைய அற்றெண்டன்மாரும் மிஸ்மாரும் இந்த வேலையைப் பெயர் தெரியாமலே அந்த நாட்களில் செய்தவர்கள். சொல்ல விரும்பினால் கேளுங்கள். விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: தூரத்தைக் கணக்கில் எடுங்கள்

கொழும்பில் எழுதிய பாடத்தில் இது இராது. கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு 60 கிலோமீற்றருக்கு மேல், முல்லைத்தீவில் இருந்தென்றால் புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாக 100ஐத் தாண்டும். இங்கே மஞ்சள் என்று நீங்கள் போடும் ஆள், ஆனையிறவைத் தாண்டும்போது சிவப்பாகலாம். ஆகவே "இப்போது எப்படி இருக்கிறார்?" என்பதோடு "இன்னும் இரண்டு மணித்தியாலத்தில், அம்புலன்ஸுக்குள் எப்படி இருப்பார்?" என்றும் கேட்கப் பழக்குங்கள். வகுப்பில் ஒரு கணக்குக் கொடுங்கள்: அம்புலன்ஸ் ஒன்று, அனுப்பவேண்டியவர் இருவர். தலையில் அடிபட்டு மயக்கம் கூடிக்கொண்டு போகும் இளைஞர், கையில் நரம்பு வெட்டுப்பட்ட மேசன். பதில் சுலபம். பிறகு அந்த இளைஞருக்கு மூச்சுவழியைக் காப்பாற்றிக்கொண்டு போக ஒரு வைத்தியர் ஏறவேண்டும், ஏறினால் பிரிவில் ஒருவர்தான் மிச்சம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது வகுப்பு அமைதியாகும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும், 2018இல் வடமாகாணத்துக்கு வந்த அம்புலன்ஸில் வருபவரை வழியிலேயே ஓரளவு பார்த்திருப்பார்கள். காட்டோரக் கிராமங்களில் இருந்து வருபவர் ஓட்டோவிலோ லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலோ வருவார். அதை யாரும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. ஒரு பயிற்சியாளரின் கண் எப்போதும் வாசலில் இருக்கட்டும்.

அப்புறம் திரும்பப் பார்ப்பது. நிறம் போட்டாயிற்று என்று விடுவதுதான் நான் செய்த பிழை. மஞ்சளை அரை மணிக்கு ஒரு தடவை, பச்சையை மணிக்கு ஒரு தடவை திரும்பப் பார்க்கவேண்டும் என்று நான் விதி வைத்திருக்கிறேன். உங்கள் கூட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் மணி அடிக்க ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். நான் கைத்தொலைபேசியில் அலாரம் வைத்திருக்கிறேன்.

கடைசிப் படி: பிழைகளை எண்ணுவது

கிழமைக்கு ஒருநாள் இருபது ரிக்கற்றை எடுத்து, போட்ட நிறத்தையும் பிறகு நடந்ததையும் ஒப்பிடுங்கள். தேவைக்கு மேல் சிவப்புப் போடுவதும் பிழைதான், ஆனால் மன்னிக்கலாம். குறைத்துப் போடுவதுதான் ஆளைக் கொல்லும். அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர்களின் அமைப்பு, காயக்காரர் விடயத்தில் குறைத்துப் போடுவது 5 வீதத்துக்குள் இருக்கவேண்டும், அதற்காகக் கூட்டிப் போடுவது 25 முதல் 35 வீதம் வரை போனாலும் பரவாயில்லை என்கிறது. இந்த எண்களைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கூட்டிப் போட்டதற்காக எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு வாங்கிய பிள்ளை அடுத்த தடவை குறைத்துப் போடும்.

மூன்றாம் கிழமை முடிவில் அதே மூவரைத் திரும்ப அந்த வாங்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அதே பதினைந்து நிமிடம், அதே துண்டு. இந்தத் தடவை மூவரும் வெவ்வேறு ஆளை எழுதி, ஏன் என்று தங்களுக்குள் வாதாடத் தொடங்கினால், அடுத்த திங்கள் மேசையை அவர்களிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருங்கள். காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.